லொறியைத் திருப்பி அனுப்பினது நான்தான்

தம்பி,

சனிக்கிழமை வந்த லொறி வெறுமையாத் திரும்பிப் போனது இதுக்குள்ள உனக்குத் தெரிஞ்சிருக்கும். குதிரையை ஏத்த வந்த மனிசன் எங்கட படலையடியில நிண்டே உனக்குப் போன் எடுத்துக் கத்தினதை நான் கேட்டனான். திருப்பி அனுப்பினது உன்ர பெண்சாதி தர்சினி இல்லை, நான். அவளுக்குப் போன் எடுத்து ஒரு சொல்லும் சொல்லாதை. பேசுறதெண்டால் பெத்தவளைப் பேசு. ஆனால் அதுக்கு முதல் நான் பேசுறன், நீ கேள். போனில உன்னோட கதைக்கேலாது. நான் ஒண்டு சொல்ல நீ ஒம்பது சொல்லுவாய், பேந்து லைன் கிளியர் இல்லையெண்டு வைச்சிடுவாய். கடிதத்தை அப்பிடி இடையில வெட்டேலாது பார். லீவில வந்து நிண்ட ஞானத்தார் செவ்வாய்க்கிழமை கட்டாருக்குத் திரும்பிப் போறார், அவரிட்ட இதைக் குடுத்துவிடுறன். வேலை முடிஞ்சு வந்து, குளிச்சு, சாப்பிட்டுட்டு ஆறுதலா இருந்து வாசி.

குதிரை வந்த கதையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லுவன், நீ மறந்துபோனாய். கிளிநொச்சியில ஆரோ சினேகிதன்ர கலியாணத்துக்குப் போனனீ. மாப்பிள்ளை குதிரையில வந்து இறங்கினானாம். வீட்டை வந்து ரெண்டு நாள் சாப்பாடு இல்லாமல் அதே கதை. கடற்கரையில ஞாயிற்றுக்கிழமையில சின்னப்பிள்ளையளை ஏத்தலாம், கலியாண வீடு, சாமத்திய வீட்டுக்குக் குடுக்கலாம், "அம்மா, எங்கட பக்கத்தில ஒருத்தரிட்டையும் குதிரை இல்லை" எண்டனீ. ஒருத்தரிட்டையும் இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்குமடா எண்டு நான் சொன்னனான். நீ கேட்டால்தானே. நுவரெலியாக் குளிருக்குள்ள சனத்தை ஏத்தி இறக்கிக்கொண்டிருந்த அந்த வாயில்லாச் சீவனை லொறியில ஏத்தி, சித்திரை வெயிலுக்குள்ள, உப்புக் காத்துக்குள்ள கொண்டுவந்து இறக்கி, ராணி எண்டு பேரும் வைச்சனீ. அப்ப தர்சினிக்கு அஞ்சு மாசம். ரெண்டு மாசம் அதைக் கடற்கரையில பிடிச்சுக்கொண்டு திரிஞ்சனீ, போட்டோ எடுத்தனீ, பேஸ்புக்கில போட்டனீ. அதுக்குப் பிறகு சனமும் வாறது குறைஞ்சுபோச்சு, உனக்கும் அலுத்துப்போச்சு. விசா வந்திது. பிள்ளை பிறந்து பத்தொன்பதாம் நாள் எயார்போட்டுக்கு வான் ஏறினனீ. ஏறேக்கை நீ அவளுக்குச் சொன்ன கடைசிச் சொல் என்னெண்டு உனக்கு நினைவிருக்கோ? "ராணியை வடிவாப் பாத்துக்கொள்." பச்சை உடம்போட, பிள்ளையைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டவளுக்கு அந்தச் சொல்லைத்தான் விட்டிட்டுப் போனனீ.

இனி என்ர பங்கையும் சொல்லுறன். உன்னை மட்டும் பேசிப்போட்டு நான் நல்ல பிள்ளையா இருக்கேலாது. நீ தர்சினியைக் கட்டப்போறன் எண்டு நிண்ட நேரம் நான் என்னென்ன கதைச்சனான் எண்டு இந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும். நாங்கள் வேதக்காரர், அவள் சைவப் பிள்ளை எண்டது ஒண்டு. அதை விடப் பெரிசா நான் பிடிச்சது, அவளின்ர அப்பப்பா காலத்தில மலைநாட்டில இருந்து வந்த ஆக்கள் எண்டதை. வட்டக்கச்சியில காடு வெட்டி வயலாக்கி, சண்டைக்குள்ள எங்களோடயே ஓடி எங்களோடயே திரும்பி வந்த சனம். அதுகளைப் பாத்து நான் ஆர் எவர் எண்டு கேட்டனான். குதிரை வந்து இறங்கின அண்டைக்கு, அயலட்டைச் சனம் எல்லாம் கூடி நிக்க, "இதுவும் மலைநாடு, அவளும் மலைநாடு, ரெண்டும் ஒத்துப்போகும், அவளே பாக்கட்டும்" எண்டு நான் பகிடி விட்டனான். சனம் சிரிச்சது. நீயும் சிரிச்சனீ, தம்பி. அவள் வட்டக்கச்சி ஆஸ்பத்திரியில பிறந்த பிள்ளை, நுவரெலியாவைப் படத்தில மட்டும்தான் கண்டவள். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனவள். நீ கட்டாருக்குப் போனாப் பிறகு நான் அந்த மிருகத்துக்குக் கிட்டவும் போகேல்லை. பயம் எண்டு சொன்னனான். பயம் பாதிதான். அவளுக்குரிய வேலை அது எண்டு மனசுக்குள்ள ஒரு நினைப்பு. இதை எழுதக் கை கூசுது, எண்டாலும் எழுதத்தான் வேணும்.

ஒரு குதிரை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ? நீ நிண்ட காலத்தில மோட்டர் சைக்கிளில தண்ணிக் கான் கட்டிக் கொண்டந்தனீ. மோட்டர் சைக்கிளை வித்திட்டுத்தான் போனனீ. எங்கட கிணத்து உப்புத்தண்ணியை அது மணந்து பாத்துட்டு முகத்தைத் திருப்பும். பள்ளிக்கூடத்தடிக் குழாய்க்கிணத்தில இருந்து அவள் சுமந்தவள், தையல் காயாத வயித்தோட. விடிய எழும்பிப் பிள்ளைக்குப் பால் குடுத்து, ஏணையில போட்டு ஆட்டிப்போட்டுத் தண்ணிக்கு ஓடுவாள். வந்து கொட்டில் கூட்டுவாள், ஊறவைச்ச கொள்ளைக் குடுப்பாள், பிள்ளை அழும், கையைக் கழுவிக்கொண்டு ஓடியருவாள், பிள்ளை குடிச்சு முடியக் குதிரை காலை அடிக்கும், திரும்ப ஓடுவாள். அதின்ர முதுகைத் தேச்சுக்கொண்டு நிக்கேக்கை பிள்ளை உள்ளுக்குள்ள அழுத சத்தத்துக்கே பால் சுரந்து சட்டை நனைஞ்சு நிண்டதை நான் கண்டனான். குளம்புக்குள்ள கல்லு மண் அடைஞ்சால் அழுகிப்போகும் எண்டு போனில பாத்துப் படிச்சு, பழைய கம்பியொண்டை வளைச்சு, ஒவ்வொரு காலாத் தூக்கித் துடையில வைச்சுக் கிண்டி எடுப்பாள். முதல் மாசம் அது அவளை ரெண்டு தரம் கடிச்சது. கையில தழும்பு கிடக்கு. நீ வீடியோவில பாக்கேக்கை அவள் நீளக்கைச் சட்டை போட்டிருப்பாள், அதுவும் நான் சொல்லித்தான்.

இப்ப, பிள்ளை பிறந்த முப்பத்தொண்டாம் நாள் நடந்ததைச் சொல்லுறன். இது உனக்குத் தெரியாது. பிள்ளைக்கு முப்பத்தொண்டு எண்டு சொந்தக்காரர் பத்துப் பேரைக் கூப்பிட்டு, துடக்குக் கழிச்சு, மரக்கறிச் சோறு குடுத்தனாங்கள். சோறு மிஞ்சிப்போச்சு. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வாழைப்பழத் தோல், எல்லாத்தையும் ஒரு பெரிய தாச்சியில வழிச்சுப் போட்டு, கஞ்சியும் ஊத்தி, அண்டைக்கு மட்டும் பயத்தை விட்டு நான்தான் கொண்டுபோய்க் குதிரைக்கு வைச்சனான். எங்கட வளவில எப்பவும் மாட்டுக்கு அப்பிடித்தானே வைக்கிறது. நல்ல நாளில வாயில்லாச் சீவனும் வயிறு நிறையட்டும் எண்டுதான் வைச்சனான், சத்தியமா. அது ஆவெண்டு திண்டது. தர்சினி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டதால காணேல்லை. ரெண்டு மணியைப்போல அது வேர்த்து ஒழுகத் தொடங்கிச்சு. திரும்பித் திரும்பித் தன்ர வயித்தைப் பாக்குது, காலால நிலத்தைக் கிண்டுது, பேந்து விழுந்து உருளுது. நான் அது விளையாடுது எண்டு நினைச்சு ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டினனான். அவள் வந்து தாச்சியைப் பாத்தாள், என்னைப் பாத்தாள். போனை எடுத்துப் புதுக்குடியிருப்பு மாட்டு டொக்டருக்கு அடிச்சாள். குதிரை மாடு மாதிரி அசை போடாது, திண்டதைச் சத்தியும் எடுக்காது, வயிறு வெடிச்சுச் செத்துப்போகும், படுக்க விடாமல் நடத்திக்கொண்டே இருங்கோ, நான் பின்னேரம்தான் வந்து சேருவன் எண்டு அவர் சொன்னவர்.

அவள் நடத்தினாள், தம்பி. வீட்டில இருந்து களப்புக் கரை மட்டும், களப்புக் கரையில இருந்து வீடு மட்டும். வெயில் நெருப்பாக் கொளுத்துது. முப்பத்தொரு நாளும் வீட்டுக்குள்ள ஆறுதலா இருந்திருக்க வேண்டியவளின்ர கால் ரெண்டும் மண்ணில வேகுது. செருப்புப் போடவும் நேரமில்லாமல் ஓடினவள். பின்னால பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குடையைப் பிடிச்சுக்கொண்டு நான். பிள்ளை பாலுக்கு வீரிட்டுக் கத்தினால் அவள் நிண்ட நிலையில ஒரு கையால பிள்ளையை வாங்கி, மற்றக் கையால தலைக்கயிறைப் பிடிச்சுக்கொண்டு குடுப்பாள். அது படுக்கப் பாக்கும், "எழும்பு ராணி, எழும்பம்மா, நடவம்மா" எண்டு பிள்ளையை என்னட்டத் தந்திட்டுத் திரும்ப நடத்துவாள். என்ர கையில செபமாலை இருந்தது, ஒரு அருள்நிறைந்த மரியும் வாயில வரேல்லை. அவளின்ர சீலையில ரத்தம் கசிஞ்சதை நான் கண்டனான். விடு பிள்ளை, செத்தால் சாகட்டும் எண்டு சொன்னனான். "ஐயோ மாமி, அது என்ன செய்தது? ஆர் குடுத்தாலும் தின்னும்தானே" எண்டாள். அவ்வளவுதான் அவள் என்னைச் சொன்னது. பொழுதுபடேக்கை டொக்டர் வந்து மூக்குக்குள்ளால குழாய் விட்டு எண்ணெய் வாத்து, அதுக்கும் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அது சாணம் போட்டது. அவள் அதுக்குப் பக்கத்திலயே நிலத்தில குந்தி இருந்து அழுதாள்.

அந்த நேரம் பாத்து நீ வீடியோக் கோல் எடுத்தனீ. நான் என்ன செய்தனான் தெரியுமோ? "முகத்தைக் கழுவு, சட்டையை மாத்து, அவனுக்கு ஒண்டும் சொல்லாதை, தனிய நிக்கிற பிள்ளை, அந்தரப்படுவான்" எண்டு அவளைப் பிடிச்சு எழுப்பினனான். இந்த ஊரில வெளிநாட்டில பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலயும் செய்யிற வேலைதான். இஞ்ச இடி விழுந்தாலும் போனில சுகம் எண்டுதான் சொல்லுறது. நீ போனில அவளைப் பாக்கேல்லை. "ராணி ஏன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்குது? வடிவாச் சாப்பாடு குடுக்கிறியோ இல்லையோ? ஒரு மிருகத்தைக்கூடப் பாக்கத் தெரியாதோ உனக்கு?" எண்டு கேட்டனீ. அவள் "நித்திரை வந்திட்டுது போல" எண்டு சொன்னாள். நான் பக்கத்தில நிண்டு ஓமெண்டு தலையாட்டினனான். அடுத்த நாள் அவளுக்குக் காய்ச்சல், தையல் சீழ் பிடிச்சு அஞ்சு நாள் ஆஸ்பத்திரி வாட்டில கிடந்தவள். உனக்குப் போன் பழுது எண்டு சொன்னனாங்கள். அவளின்ர அப்பா வட்டக்கச்சியில இருந்து பஸ் ஏறி வந்து அந்த அஞ்சு நாளும் உன்ர குதிரைக்குத் தண்ணி சுமந்தவர். நான் வாய்க்கு வந்தபடி கதைச்ச அந்தச் சனத்தில ஒருத்தர்தான் அவரும்.

அவள் அந்த வாட்டால வந்தாப் பிறகு நான் கொட்டிலுக்குள்ள காலடி வைக்கப் பழகினனான். பிள்ளையை நான் பாத்தன், அவள் குதிரையைப் பாத்தாள். பங்குனியில, பூசை முடிஞ்சு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமி, அது கட்டிக்கிடந்து கால் வீங்குது, கடற்கரைக்குக் கொண்டுபோவமோ" எண்டு கேட்டாள். போனாங்கள். ரெண்டு மூண்டு தாய்மார் பிள்ளையளை ஏத்தச் சொல்லிக் கேக்க, ஏத்தினாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும். நான் பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு மணலில இருப்பன், அவள் தலைக்கயிறைப் பிடிச்சுக்கொண்டு நடப்பாள். நீ வாங்கேக்கை சொன்ன அந்த வேலையை, நீ ரெண்டு மாசத்தில கைவிட்ட வேலையை, அவள் தனிய நடத்தினவள். கொள்ளும் தவிடும் பிள்ளையின்ர பால்மாவும் ஏத்திற காசிலதான் வந்தது. அவள் சிரிச்சு நான் கண்டது அந்த மணலிலதான்.

அதைத்தான் உன்ர சினேகிதன் ஒருத்தன் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறான். போன செவ்வாய்க்கிழமை நீ எடுத்துக் கத்தினது அடுத்த வீட்டுக்கும் கேட்டது. "நாலு பேருக்கு முன்னால குதிரை பிடிச்சுக்கொண்டு நடக்க உன்னை ஆர் சொன்னது? என்ர மானம் போகுது. வித்தாச்சு, சனிக்கிழமை லொறி வரும், ஏத்திவிடு." என்ன மானமடா அது? தண்ணி சுமக்கேக்கை போகாத மானம், ரத்தம் வழிய நடக்கேக்கை போகாத மானம், அவள் தலையை நிமித்தி நாலு பேருக்கு முன்னால நடக்க மட்டும் போச்சுதோ? அவளைக் கேட்டனியோ ஒரு சொல்? எனக்கு அண்டைக்கு நெஞ்சு எரிஞ்சது உன்னில மட்டும் இல்லை. உனக்கு ஏழு வயசில, உன்ர அப்பா என்ர தையல் மெசினை என்னைக் கேக்காமல் வித்திட்டு வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கினவர். அந்த மெசினில நான் ஊருக்கே தைச்சுக் குடுத்தனான். ஆக்கள் வந்து தூக்கிக்கொண்டு போகேக்கை நான் துணியளை ஒதுக்கி வழி விட்டனான், தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்தனான். நீ குசினி வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீ. "அம்மா, உங்கட மெசினல்லோ" எண்டு கேட்டனீ. வாயை மூடு, அப்பாவுக்குத் தெரியும் எண்டு சொன்னனான். நீ இண்டைக்குச் செய்யிற வேலையை உனக்குப் படிப்பிச்சது நான்தான், தம்பி.

சனிக்கிழமை லொறி வந்தது. அந்த மனிசனும் கூட வந்தவனும் பலகை வைச்சு ஏத்தப் பாத்தாங்கள், அது ஏறேல்லை. ஒருத்தன் தடியை ஓங்கினான். தர்சினி பிள்ளையை என்ர கையில தந்திட்டு, "அடிக்காதேங்கோ அண்ணை, நான் ஏத்திவிடுறன்" எண்டு தலைக்கயிறை வாங்கினாள். அவள் முன்னால ஏற அது பின்னால ஆட்டுக்குட்டியாட்டம் ஏறிச்சுது. ஏத்திக் கட்டிப்போட்டு, கழுத்தைத் தடவிப்போட்டு, இறங்கி வந்து கிணத்தடியில கையைக் கழுவினாள். நான் ஏன் பிள்ளை குடுக்கிறாய் எண்டு கேட்டனான். "அவரின்ர சாமான்தானே மாமி" எண்டாள். அழுகை இல்லை, கோவம் இல்லை. அதுதான் என்னால தாங்கேலாமல் போச்சு. நான் பிள்ளையை அவளிட்டக் குடுத்திட்டு, இறக்கடா குதிரையை எண்டன். அந்த மனிசன் உன்னோட பேசி முடிச்சாச்சு எண்டு சட்டம் கதைச்சான். என்ர மகன் தன்ர சாமானை வித்திருந்தால் நானே ஏத்தி விட்டிருப்பன், இது அவன்ர இல்லை எண்டு சொல்லிப்போட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஏறினனான். அறுபத்தொரு வயசில. அவள் வந்து பிடிக்கேல்லை, நீ சொன்னால் ஒழியத் தொடமாட்டாளாம். நான் கட்டை அவிட்டு இழுத்து இறக்க, அது என்ர காலில ஏறி மிதிச்சது. வலக்கால் பெருவிரல் நகம் பிஞ்சு போட்டுது. அவங்கள் பேசிக்கொண்டு போனாங்கள்.

அண்டையில இருந்து அவள் கொட்டில் பக்கம் போகேல்லை. தண்ணியை நான் கொண்டுபோய் வைக்கிறன். அது குடிக்குது, கொள்ளை மணந்துபோட்டு விடுது, அவளின்ர சத்தம் கேக்கிற பக்கம் பாத்துக் கனைக்குது. அவள் உள்ளுக்குள்ள இருந்து பிள்ளையின்ர உடுப்புகளை மடிச்சு ஒரு பையில வைக்கிறாள். எங்க பிள்ளை போறாய் எண்டு கேட்டால், "ஒண்டுமில்லை மாமி, அப்பா ஞாயிற்றுக்கிழமை வாறார்" எண்டு சொல்லுறாள். எனக்கு விளங்கும். உனக்கும் விளங்கும் எண்டு நினைக்கிறன்.

நீ புதன்கிழமை இதை வாசிப்பாய். உடன அவளுக்குப் போன் எடு, எனக்கு இல்லை. குதிரையை வைச்சிரு எண்டு சொல்லாதை, பாத்துக்கொள் எண்டு சொல்லாதை. இது உன்ர குதிரை, நான் அதைக் கேக்காமல் வித்தது பிழை எண்டு சொல்லு. அந்த நேரம் அவள் என்ன பேசினாலும் பேச விட்டுட்டுக் கேள், வைக்காதை. வாட்டில கிடந்த கதையையும் அவளே சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணி மட்டும் பாப்பன். அதுக்குள்ள நீ எடுக்காட்டி அவளை நான் மறிக்கமாட்டன். பிள்ளையோட அவள் பஸ்ஸில போகட்டும். குதிரையை நான் விடமாட்டன். அவளின்ர அப்பாவும் நானும் தலைக்கயிறைப் பிடிச்சு, நகமில்லாத இந்தக் காலோட வட்டக்கச்சி மட்டும் நடத்திக் கொண்டுபோய் அவளின்ர வளவில கட்டிப்போட்டு, இடம் தந்தாளெண்டால் நானும் அங்கயே இருப்பன். வீட்டைப் பூட்டிப்போட்டுப் போவன், நீ வரேக்கை திறப்பை அடுத்த வீட்டில கேட்டு வாங்கு.

அம்மா